சாக்கடைத் தண்ணீரில் மீன்... வடிநீரில் நெல்!

கொல்கத்தா நகரத்தின் கழிவுநீர், கால்வாய்கள் வழியாகக் கிழக்கே ஓடுகிறது. அது போய்ச் சேரும் இடம், 'பேரி' என்று உள்ளூரில் அழைக்கப்படும் ஆழம் குறைந்த மீன் குளங்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையமே அந்தக் குளங்கள்தான்.

குளத்தில் கழிவுநீரை விட்டு, சில வாரங்கள் வெயிலில் கிடக்க விடுகிறார்கள். கழிவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதில் கிடைக்கும் சத்தையும் வெயிலையும் கொண்டு பாசி வளர்கிறது. பாசி வெளிவிடும் ஆக்சிஜன், பாக்டீரியாக்களுக்குக் கைகொடுக்கிறது. நாற்றம் அடங்கி, நீர் பச்சை கட்டிய பிறகே ரோகு, கட்லா, மிர்கால், திலேப்பியா குஞ்சுகளை விடுகிறார்கள். பாசியை மேய்ந்தே மீன் வளர்வதால் தீவனச் செலவு குறைவு. கரையோர ஆகாயத்தாமரை, அலை அரிக்காமல் கரையைக் காக்கிறது. உலோகக் கழிவையும் உறிஞ்சுகிறது. வெளியேறும் நீர் நெல்லுக்கும் காய்கறிக்கும் பாய்கிறது.

சுமார் 31,000 ஏக்கரில் பரந்திருக்கும் இந்தச் சதுப்பு நிலத்தின் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், மேற்கு வங்க அரசுப் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ். 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதைக் காக்க உத்தரவிட்டது. 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. ஆனாலும், கட்டடங்களுக்காகக் குளங்களை மூடுவது நிற்கவில்லை. குளம் போனால் மீன் வளர்ப்பவர்களின் பிழைப்பு போகும். காசில்லாமல் சுத்தமாகும் தண்ணீருக்கு நகரம் காசு கொட்ட வேண்டிவரும்.

ஒரு எச்சரிக்கை: சாய, தோல் ஆலைக் கழிவு கலந்த நீரில் மீன் வளர்க்கக் கூடாது. நஞ்சு, மீன் வழியாக நம் தட்டுக்கே வந்துவிடும்.