உறைபனியில் டிரோன்: பேட்டரி சில்லிடாமல் காப்பது அவசியம்

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் தேங்குவதால் அங்குள்ள தேயிலைச் செடிகளே அதிகம் கருகுகின்றன. கருகல் எதுவரை பரவியுள்ளது என்று அறிய, கேமரா பொருத்திய டிரோன் நன்கு உதவும். ஆனால் அதே குளிர் டிரோனையும் வீழ்த்திவிடும்.

டிரோனின் லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகிறது. முழுதும் சார்ஜ் ஏற்றியிருந்தாலும் மின்னழுத்தம் திடீரெனச் சரியலாம். டிரோன் நடுவானில் சக்தியிழந்து விழும். எனவே பேட்டரியைக் கம்பளிச் சட்டைக்குள் உடலோடு வைத்திருந்து, வெதுவெதுப்பான பின்பே பொருத்த வேண்டும். அடுப்பருகே வைத்துச் சூடேற்றக் கூடாது. கிளம்பியதும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு நிமிடம் நிறுத்தினால் பேட்டரி மேலும் சூடாகும். 30 சதவீதம் மீதமிருக்கும்போதே இறக்கிவிடுவது நல்லது.

மூடுபனியில் பறக்கவிடுவதைத் தவிர்க்க வேண்டும். இறக்கையில் பனி உறைந்தால் தூக்கும் சக்தி குறையும். வெயில் ஏறும்வரை காத்திருப்பதால் நட்டமில்லை. பனி உருகிய பிறகே இலையின் கருகல் தெளிவாகத் தெரியும்.

சில்லிட்ட பேட்டரிக்கு உடனே சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். வீட்டில் குளிர் தணிந்து, படிந்த ஈரம் உலர்ந்த பின்பே ஏற்ற வேண்டும்.