தொல்சின்னத்தருகே ஆலயப் பழுதுபார்ப்பு

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள மாகறலைப் போன்ற ஊர்களிலும் காஞ்சி நகரிலும் ஊழியஞ்செய்யப் போகும் மாணவர், ஆலயத்தைப் பழுதுபார்க்கவும் அரசின் அனுமதி வேண்டுமோ என நம்மிடம் வினவுவதுண்டு. அதனைத் தூரமே முதலில் தீர்மானிக்கும்.

1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னங்கள் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி, காஞ்சி கைலாசநாதர் கோயில்போல் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப்பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப்பகுதி. தடைப்பகுதியில் சபை புதிதாய்க் கட்ட இயலாது. முன்பே நிற்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். ஒழுங்குமுறைப்பகுதியிலோ புதுக் கட்டடத்திற்கும் விண்ணப்பிக்கலாம். சென்னை ஜார்ஜ் கோட்டையினுள் 1680-இல் பிரதிஷ்டையான தூய மரியாள் ஆலயம்போல், வழிபாட்டிடமே பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் இருப்பின், உரிமையாளரும் மத்திய அரசின் அனுமதியின்றி அங்கே கட்டலாகாது.

சபைகள் இடறுவது ‘பழுது’ என்னும் சொல்லிலேயே. உயரத்திலோ அகலத்திலோ சேர்க்கப்படும் எதுவும் சட்டத்தின் கண்ணில் கட்டுமானமே. நாம் அறிந்த சபையொன்று கூரைப் பழுதென்று எழுதிக்கொடுத்து, முகப்பு மண்டபமும் எழுப்பத் தொடங்கிற்று. வேலை நிறுத்தப்பட்டது, ஏழைகளின் காணிக்கை செங்கற்குவியலாய் மழையில் நனைந்தது. கமிட்டியார் கள்ளரல்லர், ஆயினும் விண்ணப்பம் உண்மை பேசவில்லை. இக்குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரிக்குச் செல்ல வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்திற்கு அனுப்புவார். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் பரிந்துரைக்கும். அதன்பின் ஒரு மாதத்திற்குள் அதிகாரி முடிவு கூறுவார். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் கூரை வேண்டுவோர், உயிர்த்தெழுதல் திருநாள் கழிந்ததும் எழுதத் தொடங்குவது நலம்.