மூன்று பொத்தான்களின் கதை

எங்கள் சித்தப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். சென்ற தை மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு விடியற்கால முகூர்த்தம். தாலி கட்டும் நேரத்தில், அமுக்கிய நடுப் பொத்தான் மேலே எழவில்லை. பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ பிசிக்ஸ்தானே படிக்கிற, இது ஏன்டா இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

அன்பர்களே! நம் ஊர்த் திருவிழாவில் ஊதும் கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. உதட்டை இறுக்க இறுக்க, உள்ளிருக்கும் காற்றுத்தம்பம் 2, 3, 4, 5 என்ற மடங்குகளில்தான் அதிரும். 2 ஸட்ஜமானால் 3 பஞ்சமம். இடையிலுள்ள ஆறு சுரங்களுக்கு வழியே இல்லை. ஐரோப்பிய டிரம்பெட்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. சுருதியை மாற்ற வேறு நீளத் துண்டுக் குழாயைச் செருக வேண்டும். பாட்டின் நடுவே அதை யார் செய்வது?

இக்குறையைத் தீர்க்க வால்வு அமைத்து, 1818இல் பெர்லினில் காப்புரிமை பெற்றவர்கள் ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இருவர். புளூமெல் ஒரு சுரங்க பேண்டில் வாசித்தவர். அவரும் சித்தப்பா ஜாதிதான்! இன்றைய டிரம்பெட்டில் இருப்பது 1839இல் பாரிஸ் நகரத்துப் பெரினே அமைத்த வடிவம்.

பொத்தானை அமுக்கினால் காற்று ஒரு சிறு குழாயையும் சுற்றி வரும். நீளம் கூடுவதால் சுரம் இறங்கும். நடுப் பொத்தான் அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. சேர்த்துச் சேர்த்து அமுக்கினால் அரையிலிருந்து மூன்று வரை ஆறு படிகள். காணாமற்போன ஆறு சுரங்களும் வந்துவிட்டன!

ஆனால் கணக்கு சற்று உதைக்கிறது. மூன்று குழாய்களும் முறையே சுமார் 6, 12, 19 விழுக்காடு நீளம் கூட்டுகின்றன. மொத்தம் 37. மூன்று சுரம் சரியாக இறங்க வேண்டுமானால் 41 தேவை. எனவே சுரம் கொஞ்சம் உயர்ந்தே ஒலிக்கும். இதைச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மூணையும் சேத்து அமுக்குனா ஒதட்டக் கொஞ்சம் தளத்தணும். இதுகூடத் தெரியாமயா இருவது வருசமா ஊதறேன்?" என்றார்.

பொத்தான் சிக்கியதற்குக் காரணம் அவர் விட்டிருந்த தேங்காயெண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தை மாத விடியற்காலைக் குளிருக்குக் கேட்க வேண்டுமா? இப்போது தையல் மெஷின் எண்ணெய் விடுகிறார். பொத்தான் துள்ளி எழுகிறது. அந்தப் பாதிக் கூலிதான் இன்னும் வரவில்லை.