32 வரிகளில் ஓர் இரவு

இயல்பான உலகில் நடக்க முடியாததை நடந்ததாகவே வைத்துப் புனையும் எழுத்துக்கு மிகுபுனைவு என்று பெயர். ஃபேன்டசி என்ற சொல்லும் தமிழில் பழகிவிட்டது. இவ்வகை நாவல்கள் தம் உலகை நிலைநாட்ட வரைபடம், வம்சாவளி, புதிய மொழி என்று பல நூறு பக்கங்களைச் செலவிடுகின்றன. முப்பது நாற்பது வரிகளில் முடிந்துவிடும் கவிதைக்கு அந்த வசதி இல்லாததால், அது மாயத்தை விளக்காமல், விளக்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டுச் செல்கிறது. அந்த வெறுமையை அவசரப்பட்டு நிரப்பிவிடாமல் இருப்பதுதான் இக்கவிதைகளை வாசிப்பவருக்கு முதலில் வேண்டிய பொறுமை.

ஜெர்மானியக் கவிஞர் கதே 1782இல் எழுதிய ‘எர்ல்கோனிக்’ இதற்கு மிகச் சிறந்த சான்று. ஒரு கதையைப் பாட்டாகச் சொல்லும் கதைப்பாடல் வடிவத்தில், எட்டுப் பத்திகளும் 32 வரிகளும் கொண்ட இக்கவிதை, வைமார் அருகே டீஃபுர்ட்டில் அரங்கேறிய இசைநாடகம் ஒன்றின் தொடக்கப் பாட்டாக எழுதப்பட்டது. தலைப்பிலேயே ஒரு புதிர் உண்டு. டேனிஷ் நாட்டுப்புறப் பாடலொன்றில் வரும் வனதேவதைகளின் அரசனை ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்டர் தம் மொழிக்குக் கொண்டுவந்தபோது, ஒலி ஒற்றுமையால் அவன் ஆல்டர் என்னும் நீர்க்கரை மரத்தின் அரசனாக மாறிவிட்டான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பிழையாகப் பிறந்த அந்தப் பெயர் கவிதைக்குக் கேடு செய்யவில்லை. மரமா, அரசனா என்ற மயக்கம்தான் கவிதையின் உயிர்.

இரவில், காற்றில், ஒரு தந்தை மகனை அணைத்தபடி குதிரையில் விரைகிறார். முடி தரித்த அரசனைச் சிறுவன் காண்கிறான். தந்தை அதை மூடுபனி என்கிறார். அரசன் கிசுகிசுப்பது சிறுவனுக்குக் கேட்கிறது. காய்ந்த இலைகளில் காற்று என்கிறார் தந்தை. அரசனின் பெண்மக்களைச் சிறுவன் சுட்டிக்காட்ட, அவை நரைத்த பழைய வில்லோ மரங்கள் என்கிறார். கதைசொல்லியின் குரல் முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் மட்டுமே வருவதால், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இடைப்பட்ட ஆறு பத்திகளில் எவரும் இல்லை. அதைவிட நுட்பமானது ஒன்று உண்டு: அரசனின் ஆசை வார்த்தைகள் தந்தைக்குக் கேட்பதே இல்லை, வாசகருக்கோ நேரடியாகக் கேட்கின்றன, ஆகவே தந்தையின் பக்கம் நின்று நியாயம் பேச விரும்பும் வாசகரும் தம்மை அறியாமல் சிறுவனின் காதைக் கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று முறை மறுமொழி தந்த தந்தை, நான்காம் முறை, அரசன் தன்னைப் பற்றிக்கொண்டான் என்று மகன் கதறும்போது எதுவும் சொல்வதில்லை; அவர் நடுங்கியபடி குதிரையை விரட்டுவதைக் கதைசொல்லியே சொல்கிறார். அவருக்கும் ஐயம் பிறந்துவிட்டது என்பதை அந்த மௌனம் காட்டுகிறது. அதுவரை நிகழ்காலத்தில் ஓடிய கதைசொல்லியின் குரல், குழந்தையின் மரணத்தைச் சொல்லும் கடைசி வரியில் மட்டும் இறந்தகாலத்துக்கு மாறுகிறது.

1815இல், தம் பதினெட்டாம் வயதில் இக்கவிதைக்கு இசையமைத்த இசையமைப்பாளர் ஷூபர்ட், இந்த மாற்றத்தைக் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். பாட்டு நெடுகக் குளம்பொலியாகத் துடிக்கும் பியானோ, முடிவுக்கு வரும்போது அடங்கிவிடுகிறது. பாடகரின் குரல் மட்டும் தனித்து நின்று அச்செய்தியைச் சொல்கிறது.

நிகழ்வை இயற்கை என்பதா, மாயம் என்பதா என்று வாசகர் தயங்கும் அந்தத் தயக்கமே விந்தைப் புனைவின் இலக்கணம் என்று 1970இல் வரையறுத்தவர் இலக்கியக் கோட்பாட்டாளர் தொதோரோவ். கவிதையில் சொற்கள் உலகைக் காட்டுவதில்லை, தம்மையே காட்டுகின்றன என்று கருதியதால், கவிதைக்கு அங்கே இடமில்லை என்றும் அவர் எழுதினார். அவரது வரையறை அருமையானது; ஆனால் அதற்கு ‘எர்ல்கோனிக்’ அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் உரைநடைக் கதைகள் மிகச் சிலவே என்பதால், கவிதையை அவர் வெளியே நிறுத்தியதை ஏற்பது கடினம். உருவகப் பொருள் கொள்வது இத்தயக்கத்தைக் கொன்றுவிடும் என்று அவர் எச்சரித்ததோ முற்றிலும் சரி.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்த தம்பிக்கு எழுதிய கடிதத்தினூடே வரைந்த ‘லா பெல் டாம் சான் மெர்ஸி’ இந்தக் கொலைக்குப் பலமுறை ஆளாகியிருக்கிறது. மற்றொரு தம்பி சில மாதங்களுக்கு முன் காசநோயால் இறந்ததை அறிந்தவர்கள், கவிதையில் ஒரு வீரனை மயக்கும் பெண்ணை நோயின் உருவகம் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் கவிதையை ஒருமுறை உரக்கப் படிப்பது நல்லது. ஒவ்வொரு பத்தியிலும் நான்காம் வரி மற்ற மூன்றைவிடக் குட்டையாக இருப்பதால், பாதி மூச்சில் தரை நழுவியது போன்ற உணர்வு 12 முறை திரும்பத் திரும்ப வருகிறது. மாயத்தைச் செய்வது அந்தப் பெண் மட்டுமல்ல, அந்தக் குறைந்த அடியும்தான். முதல் மூன்று பத்திகளில் வழிப்போக்கர் ஒருவர் வீரனிடம் நேர்ந்தது என்னவென்று கேட்கிறார், மீதி ஒன்பதில் வீரன் சொல்கிறான். கதே தம் கதைசொல்லியை இறுதியில் திரும்ப அழைத்ததைப் போல, கீட்ஸ் அந்த வழிப்போக்கரை மீண்டும் பேசவிடவில்லை. கேட்டதை அவர் நம்பினாரா என்பதற்கு 48 வரிகளில் ஒரு சொல்கூட இல்லை.