புடாபெஸ்ட்டுக்கு ஜனவரியில் போங்கள், இருவராகப் போங்கள்

ஐரோப்பா சுற்றுலா என்றதும் நம்மவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத்தான் பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறை ஒரு காரணம், குளிர் பயம் மற்றொரு காரணம். முதலாவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். மைனஸ் பத்துக்கும் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. அந்த நகரத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவர் அந்த ஜனவரியில்தான் போக வேண்டும், அதுவும் ஒரு நண்பரோடு போக வேண்டும் என்பது என் கட்சி. பயணிகள் அங்கே தேடிப்போய்ப் பார்க்கும் பலவும் குளிரோடு மல்லுக்கட்டிய மனிதர்கள் உண்டாக்கியவை, அல்லது குளிரில்தான் முழுப் பயனையும் காட்டுபவை. கோடையில் அவை அழகாகத் தெரியும். எதற்காக இருக்கின்றன என்பது குளிரில்தான் தெரியும்.

சங்கிலிப் பாலமே இதற்கு முதல் சாட்சி. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் மேடான புடா, கிழக்குக் கரையில் சமவெளியான பெஸ்ட். 1873 வரை இவை தனித்தனி ஊர்கள். வரிசையாகக் கட்டிய படகுகளின் மேல் பலகை போட்ட மிதவைப் பாலம்தான் இரண்டையும் இணைத்தது. ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வரத் தொடங்கியதும் அதைக் கழற்றிவிடுவார்கள். 1820 டிசம்பரில் இஸ்த்வான் செச்செனி என்ற பிரபுவின் தந்தை வியன்னாவில் இறந்துபோனார். செய்தி கேட்டுப் புறப்பட்ட மகன், பெஸ்ட் கரையில் ஆற்றைக் கடக்க வழியில்லாமல் ஒரு வாரம் காத்துக் கிடந்தார். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று பின்னாளில் முன்னின்று பாடுபட்டவர் இவர்தான். 1838 மார்ச்சில் பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்ததால் வெள்ளம் பெஸ்ட்டுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தது. கடைசியில் 1849-ல் பாலம் திறக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் அதில் நடப்பவர் கல் சிங்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜனவரிக் காற்று முகத்தில் அறைய நடப்பவருக்குத்தான், கடக்க முடியாத ஆறு என்றால் என்னவென்று உறைக்கும்.

குளிர் அந்த ஊரின் எழுத்தையும் வளர்த்திருக்கிறது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே நூற்றுக்கணக்கான காபி விடுதிகள் இருந்தன. வாடகை அறையில் கணப்புக்கு விறகு வாங்க வசதியில்லாத எழுத்தாளர்களுக்கு, சூடாக்கப்பட்ட அந்தக் கூடங்களே வீடு. ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம். 1894-ல் திறந்த நியூயார்க் காபி விடுதியில் எழுத்தாளர்களுக்கு மையும் தாளும் இலவசமாகவே கிடைத்தன. 1908-ல் தொடங்கி ஹங்கேரிய நவீன இலக்கியத்துக்கே திசைகாட்டிய ‘நியுகத்’ இதழின் ஆசிரியர்கள் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வெளியே விரல் விறைத்து உள்ளே நுழைபவருக்கு இந்த வரலாற்றைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதன் உச்சம் செச்செனி குளியலகம். அந்தப் பிரபுவின் பெயரைத் தாங்கி 1913-ல் திறக்கப்பட்டது. வோரோஷ்மார்ட்டி சதுக்கத்தில் சில படிகள் இறங்கி, 1896-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சுரங்க ரயிலின் சின்ன மஞ்சள் பெட்டியில் ஏறினால் வாசலுக்கே கொண்டுபோய் விடும். ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில் அது. குளியலகத்துக்கு நீர் தருவது 1938-ல் தோண்டி முடித்த, 1,246 மீட்டர் ஆழமுள்ள ஊற்றுக் கிணறு. நீர் மேலே வரும்போதே சுமார் 77 டிகிரி. அதை ஆற்றி, திறந்தவெளிக் குளத்தில் ஏறக்குறைய 38 டிகிரியில் விடுகிறார்கள். உடைமாற்றும் அறையிலிருந்து குளத்துக்குப் போகும் சில அடிகளில் ஈரத் தரை உள்ளங்காலைச் சுடுவதுபோல் குளிரும். கழுத்தளவு நீரில் இறங்கியதும் உடம்பு இளகும், தலைமுடியில் மட்டும் பனி படியும். எதிரில் இருப்பவர் முகம் ஆவியில் மறைந்து மறைந்து தெரியும். அந்த ஆவிக்கு நடுவே நீரில் நின்றபடியே செஸ் ஆடுபவர்களைப் பார்க்கலாம். பக்கத்து மிருகக்காட்சி சாலையின் நீர்யானைகள்கூட இந்த ஊற்று நீரில்தான் வாழ்கின்றன. கோடையில் இது இன்னொரு நீச்சல்குளம். பனிக்காலத்திலோ ஒரு ஊரே குளிரைத் தாங்கிக்கொள்ளும் வழி.

இதற்கு மறுப்புகள் வரும். பகல் குறைவு என்பது முதல் மறுப்பு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவது உண்மைதான். ஆனால் நாடாளுமன்றமும் கோட்டையும் பாலமும் விளக்கொளியில் ஆற்றில் பிரதிபலிப்பதைப் பார்க்கத்தானே பலரும் போகிறார்கள்? ஜூனில் அதற்கு இரவு ஒன்பது மணிவரை காத்திருக்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கே பார்த்துவிடலாம். மரங்கள் மொட்டையாக நிற்குமே என்பது அடுத்தது. அந்த்ராஷி பெருஞ்சாலை மாளிகைகளின் முகப்பைக் கோடையில் இலைகள் மறைக்கின்றன. இலை உதிர்ந்தபின் சிற்ப வேலைப்பாடு முழுதும் தெரியும். வெயிலில் வளர்ந்த உடம்பு தாங்குமா என்பதே பெரிய கேள்வி. நம்மைக் காப்பது ஒற்றைத் தடிமன் கோட்டு அல்ல, அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்று. உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் உடை, இவ்வளவே தேவை. வியர்வையில் நனையும் பருத்தி பனியன் மட்டும் ஆகாது. இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீர்க் குளத்தில் இறங்கக்கூடாது. அவர்கள் விஷயத்தில் இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன்.

துணை எதற்கு? முதல் காரணம் உடம்பு. மூக்கு நுனியோ காதோ உறையத் தொடங்கும்போது அந்த இடம் மரத்துவிடும், வெளுத்தும் போகும். மரத்ததால் உரியவருக்கு வலி தெரியாது, தன் மூக்கும் காதும் அவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நடப்பவர்தான் கவனித்துச் சொல்ல முடியும். உடல் வெப்பம் கூடுதலாகக் குறைந்தால் நிதானமே மங்கும். ‘போதும், உள்ளே போகலாம்’ என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். குளிரில் கைபேசியின் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், வரைபடம் இல்லாமல் நிற்கும் நேரத்திலும் இரண்டாவது கைபேசி உதவும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பனிக்காலச் சுற்றுலாவில் பாதி நேரம் நடை, மீதி உள்ளே உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வது. தனியாகப் போனால் நம் விருப்பம்போல் சுற்றலாமே என்பார்கள். கோடைக்கு அது பொருந்தும். மணிக்கு ஒருமுறை ஒரு கூரைக்குள் ஒதுங்க வேண்டிய நாளில், தனியாளுக்கு அந்த இடைவேளைகள் காத்திருப்பு. இருவருக்கு அவையே பயணம். பார்த்ததைப் பற்றிப் பேசி, கருத்து மாறுபட்டு, மறுபடி வெளியே கிளம்பலாம். அந்த நகரத்தின் காபி விடுதியும் வெந்நீர்க் குளமும் பலர் கூடியிருப்பதற்காகவே அமைந்தவை. குளிரை ஆளுக்கு ஆள் தனியாகத் தாங்காமல் பொது இடங்களில் ஒன்றாகத் தாங்கக் கற்ற ஊர் புடாபெஸ்ட். அதன் இயல்பை அறிய விரும்புபவர், அது வாழும் முறையிலேயே அதைப் பார்ப்பதுதான் நியாயம்.