கம்ப்யூட்டரை யார் காக்க வைக்கிறார்கள்?

பத்துப் பன்னிரண்டு வயதான கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருக்கிறதா? பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரை தெளிந்திருக்கும். "பழசாயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள் பெரியவர்கள். முழுசையுமா மாற்ற வேண்டும்? அதன் மூளையான பிராசசரில் அசையும் பாகம் எதுவும் இல்லை. வாங்கிய அன்று நொடிக்கு 300 கோடி முறை துடித்தது என்றால் இன்றும் அதே துடிப்புதான்.

அதைக் காக்க வைப்பது ஹார்ட் டிஸ்க். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். தட்டைத் தொடாமல் மிதந்தபடி ஒரு முனை அதிலுள்ள காந்தக் குறிகளைப் படிக்கும். ஏதாவது ஒரு தகவல் வேண்டுமென்றால் முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுழன்று முனைக்கு நேராக வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 12 மில்லிநொடி ஆகும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதற்குள் பிராசசர் மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் துடித்துவிடுகிறது! அடுப்பை மூட்டிவிட்டு நிற்கிறார் சமையல்காரர். கடைக்குப் போன பையனோ ஒவ்வொரு மிளகாயாக வாங்கி வருகிறான். கம்ப்யூட்டர் கண்விழிக்க இப்படி ஆயிரக்கணக்கான மிளகாய் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டக்கூடிய எஸ்எஸ்டி-யில் தட்டும் இல்லை, முனையும் இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகளில் எலக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும். மின்சாரம் போனாலும் அவை வெளியேறாது. எந்த அறையைக் கேட்டாலும் சுமார் 0.1 மில்லிநொடியில் பதில் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருந்த அதே சாட்டா கேபிளில் இதையும் மாட்டலாம். என்னைக் கேட்டால், பழைய கம்ப்யூட்டருக்கு முதல் செலவு இதுதான். அடுத்தது, வேலை நடக்கும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம். அதில் இடம் போதாதபோது மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில்தான் கம்ப்யூட்டர் கொண்டுபோய் வைக்கும். மறுபடி அதே பையன், அதே கடை!

சில சமயம் பிராசசரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. கருகிப் போகாமலிருக்க அது தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். பிராசசருக்கும் அதன் மேலுள்ள உலோகக் கட்டிக்கும் நடுவே ஒரு பசை உண்டு. இடுக்கில் காற்று தங்கினால் சூடு சரியாகக் கடக்காது என்பதற்காகவே அந்தப் பசை. காய்ந்துபோனால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

தினமும் தேதி தவறாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். தேதி தவறினால் பல இணையதளங்களும் திறக்காது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போடலாம். அதற்குக் காசும் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் நன்றாக ஓடினால் சினிமாவும் பாட்டும் சேமிக்க அதையும் கூடவே மாட்டிவிடலாம். ஒரு படம் பெரும்பாலும் வரிசையாகவே பதிவாகியிருக்கும். முனை அங்குமிங்கும் ஓடாமல் ஒரே போக்கில் படித்துவிடும்.