மூளைக் கட்டியைச் சுடும் லேசர், சூட்டை அளக்கும் எம்.ஆர்.ஐ.

மூளையின் ஆழத்தில் வளரும் கட்டியை அகற்ற, மண்டையோட்டைத் திறந்து நல்ல திசுவை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பேச்சு, பார்வை, கை கால் அசைவு ஆகியவற்றுக்கான நரம்புப் பாதைகள் குறுக்கே இருந்தால், கட்டியால் வரும் தீங்கைவிட அதை எடுக்கப் போகும் வழியால் வரும் தீங்கு பெரிதாகிவிடும். இத்தகைய கட்டிகளை வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே சுட்டு அழிப்பது லேசர் வெப்பச் சிகிச்சை. எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறார்கள்.

திசுவைச் சாகடிப்பது வெப்பநிலை மட்டுமல்ல. அந்தச் சூட்டில் திசு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் முக்கியம். 43 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும், அதே சேதத்துக்குத் தேவையான நேரம் பாதியாகும் என்று 1984இல் சபாரெட்டோ, டூயி ஆகிய இருவரும் ஒரு கணக்கை முன்வைத்தனர். அதன்படி, 43 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடிக்கும் அழிவு, 50 டிகிரியில் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 60 டிகிரியைத் தாண்டினால் செல்லின் புரதங்கள் உடனடியாக உறைந்துபோகும். 100 டிகிரியை எட்டினால் திசுவிலுள்ள நீர் கொதித்து ஆவியாகும், திசு கருகும். ஆகவே, கட்டி முழுவதும் போதிய சூடு பரவ வேண்டும், எங்கும் கொதிநிலையை எட்டக் கூடாது, கட்டியின் விளிம்புக்கு அப்பால் சூடு போகவும் கூடாது.

லேசர் ஒளியை இழை வழியாகக் கட்டிக்குள் செலுத்திச் சுடும் முறையை 1983இல் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பவுன் விவரித்தார். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை மூளைக் கட்டிகளில் கையாண்டனர். ஆனால் உள்ளே சூடு எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சிகிச்சையின்போதே பார்க்க அப்போது வழியில்லை. வெப்பமானியைச் செருகினாலும், அது இருக்கும் புள்ளியின் நிலவரம் மட்டுமே தெரியும். முறை பரவலாகாமல் நின்றதற்கு இது முக்கியக் காரணம்.

இந்தக் குறையைத் தீர்த்தது எம்.ஆர்.ஐ. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள், அதாவது புரோட்டான்கள், காந்தப் புலத்தில் எழுப்பும் ரேடியோ சைகைகளைக் கொண்டுதான் எம்.ஆர்.ஐ. படம் உருவாகிறது. நீர் சூடேறும்போது, மூலக்கூறுகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. அதனால் எலக்ட்ரான்கள் புரோட்டானை வெளிக் காந்தப் புலத்திலிருந்து சற்று அதிகமாக மறைக்கின்றன. சைகையின் அதிர்வெண் குறைகிறது. ஒரு டிகிரிக்கு இந்தக் குறைவு ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கு. 1.5 டெஸ்லா கருவியில் புரோட்டான் சைகையின் அதிர்வெண் நொடிக்குச் சுமார் 6.4 கோடி. அதில் ஒரு டிகிரியால் குறைவது ஓர் அதிர்வுகூட இல்லை. இந்த மாற்றத்தை 1966இல் ஹிண்ட்மன் கண்டறிந்தார், எம்.ஆர்.ஐ. வழியாக வெப்பநிலையைப் படமாக்க அதைப் பயன்படுத்தும் முறையை 1995இல் இஷிஹாராவும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர்.

இந்த அளவீடு காட்டுவது வெப்பநிலையில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டுமே. சூடேற்றும் முன் எடுத்த படத்தோடு அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, வித்தியாசத்தை உடல் வெப்பநிலையோடு கூட்டிக் கணினி கணக்கிடுகிறது. நோயாளி அசைந்தால் ஒப்பீடு தவறிப்போகும். மார்பு, வயிறு போன்ற பகுதிகள் மூச்சோடு அசைபவை. தலையை அசையாமல் பிணைத்துவிடலாம். ஆகவே, இந்த முறைக்கு மூளை தோதான இடம்.

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளையிட்டு, முன்கூட்டியே கணித்த பாதையில் லேசர் இழையைக் கட்டிக்குள் நுழைக்கிறார்கள். 980 அல்லது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி இழையின் நுனியிலிருந்து வெளிப்பட்டுத் திசுவைச் சூடாக்குகிறது. நுனியை ஒட்டிய திசு கருகாதிருக்க, இழையைச் சுற்றி உப்புநீரோ கார்பன் டை ஆக்சைடு வாயுவோ ஓடிக் குளிர்விக்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையில் புதிய வெப்பநிலைப் படம் தோன்றும். எந்தப் பகுதி இதுவரை அழிந்திருக்கும் என்பதையும் கணினி அதன்மேல் வரைந்துகாட்டும். சில கருவிகளில், மருத்துவர் குறித்துவைத்த இடத்தில் சூடு வரம்பு மீறினால் லேசர் தானாகவே நின்றுவிடும். இத்தகைய இரு கருவிகளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2007இலும் 2009இலும் அனுமதி வழங்கியது. பெரும்பாலான நோயாளிகள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

மீண்டும் வளர்ந்த கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோய், பிற உறுப்புகளிலிருந்து மூளைக்குப் பரவி, கதிர்வீச்சுக்குப் பின் திரும்பவும் தலைதூக்கும் கட்டிகள், கதிர்வீச்சால் நசிந்த திசு ஆகியவற்றுக்கு இந்தச் சிகிச்சை பயன்படுகிறது. வலிப்பைத் தூண்டும் மூளைப் பகுதிகளையும் இதே முறையில் சுடுகிறார்கள். ஆனால் கிளியோபிளாஸ்டோமாவின் செல்கள் படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டி ஊடுருவியிருக்கும். லேசர் அந்த நோயைக் குணப்படுத்திவிடுவதில்லை. சுட்ட பகுதியைச் சுற்றி, ரத்தத்திலிருந்து மருந்துகள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் அரண் சில வாரங்களுக்குத் தளர்வதாக 2016இல் வெளியான வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்று ஆராய்கிறார்கள்.

வரம்புகளும் உண்டு. சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியை ஒரே இழையால் முழுதும் சுடுவது கடினம். அருகில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால் ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். செத்த திசு உள்ளேயே தங்குவதால் சுற்றிலும் வீக்கம் வரும். அதைக் குறைக்க ஸ்டீராய்டு தர வேண்டியிருக்கும். படம் எடுத்து முடிவதற்குள் சூடு மேலும் பரவியிருக்கலாம். அணைத்த அடுப்பின்மேல் இருக்கும் தோசைக்கல்லைப் போல, லேசர் நின்ற பிறகும் சூடு சிறிது நேரம் நீடிக்கும். திரையில் காணும் அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று எஃப்.டி.ஏ. 2018இல் மருத்துவர்களை எச்சரித்தது.

துளையே இல்லாமல் சூடேற்றும் வழியும் இருக்கிறது. தலையைச் சுற்றி அமைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீயொலி மூலங்களின் அலைகளை ஒரு புள்ளியில் குவித்தால், அங்கே மட்டும் சூடு ஏறும். இதிலும் சூட்டை அளப்பது எம்.ஆர்.ஐ.தான். கை நடுக்க நோய்க்கு 2016இல் அமெரிக்காவில் இந்த முறைக்கு அனுமதி கிடைத்தது. கட்டிகளில் நிலைமை வேறு. மண்டையோடு ஒலியை உறிஞ்சித் தானே சூடாகிறது என்பதால், எலும்பை ஒட்டிய கட்டிகளைச் சுடுவது ஆபத்து. குவியும் புள்ளி மிகச் சிறியது என்பதால் பெரிய கட்டிக்கு நெடுநேரம் பிடிக்கும். எனவே மூளைக் கட்டிகளைச் சுட இப்போது கைகொடுப்பது பெரும்பாலும் லேசரே. மீயொலியைப் பொறுத்தவரை, சுடாமல், மருந்துகள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் அரணைத் தற்காலிகமாகத் திறக்கும் பணிக்கு அதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடந்துவருகின்றன.